அரை மணி நேரக் குதிரை நடை

இன்னும் இரண்டு விறகு போடுங்கள். இது என் மனைவியின் சித்தப்பா கெரிட்டுக்கு நடந்தது.

உச்சிப்பொழுது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட வெளியில் ஊற்றுக்குப் போகும் ஒற்றைத் தடம்... ஆள் அரவமே இல்லை. கெரிட் குதிரையில் கிளம்பினார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் பாகப்பிரிவினை. எங்கள் டச்சுக் குடும்பங்களில் பெண்ணுக்கும் சமபங்கு. அவர்கள் அப்பா நட்ட கம்பத்திலிருந்து குதிரை அரை மணி நேரம் நடக்கும் தூரம் கெரிட்டுக்கு, அதற்கு அப்பால் விதவைத் தங்கை சிபெல்லாவுக்கு என்று பேச்சு. ஊற்று அப்பால்தான் இருந்தது. அளக்கும் நாளில் கெரிட் குதிரையைத் தட்டி ஓட்டினார்.

"அண்ணே, நடக்கணும்னுதானே பேச்சு? பறக்க விடுறியே!"

"என் குதிரை நடையே அப்படித்தான்டி. வேணும்னா நீ ஒண்ணு வாங்கி மெதுவா நடத்து."

மணற்கடிகாரம் பிடித்தவன், குதிரை நடந்துதான் போனது என்று பைபிள்மேல் சத்தியம் செய்தான். ஊற்று கெரிட்டுக்கு. சிபெல்லா, தன் மகன் யூரியோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போனாள். வழியில் தண்ணீர் கிடைக்காமல் செத்தாள்.

சரி... ஊற்றுக்குக் கிளம்பிய அன்று கெரிட்டின் குதிரை தனியாகத் திரும்பி வந்தது. பொழுது சாயத் தேடிப்போனது நான். ஊற்று கண்ணெதிரே, இருநூறு அடிதான். என் குதிரை சட்டென்று நின்றது. அடித்தும் அசையவில்லை. கிண்... கிண்... ஆட்டு மணி. நனைந்த கம்பளி வாடை. ஆடு ஒன்றைக்கூடக் காணோம்.

தரையில் காலடிகள்... ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், எல்லாம் ஊற்றைப் பார்த்து. நடந்து நடந்தே முழங்கால் ஆழம் பள்ளம். அதற்குள் கெரிட். உதடு வெடித்து, உயிர் போயிருந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ணவன் யாரு மாமா? அவனை மட்டும் அது விட்டுட்டுதா?"

தம்பி, நீ கேட்ட பொய்ச் சத்தியத்தை இந்த வாய்தான்டா பண்ணியது. கெரிட் தன் வீட்டுப் பெண்ணைக் கொடுப்பாரே என்று பண்ணியது. கெரிட்டுக்குப் பிள்ளையில்லை, அவர் உயிலின்படி நிலம் என் மனைவிக்கு வந்துவிட்டது. யூரி இன்று எவன் பண்ணையிலோ கூலிக்கு ஆடு மேய்க்கிறான். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஊற்று அவனுடையது. சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று என் சின்ன மகள் காலையில் தண்ணீருக்குப் போனாள். இருட்டியபின் காலி வாளியோடு வந்தாள்.

"நாள் பூரா நடந்தேம்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான்னு ஒரு அத்தை சொன்னாங்க... நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க."