ஜேக்கி ஓடிப் போற நாய் இல்ல

— அதான் சொல்றேனே அண்ணி, ஜேக்கி கடுவன் நாய். பின்னால சீன மொதலாளி, அந்த டவுக்கேயோட அன்னாசித் தோட்டத்துல ஒரு பொட்ட நாய் ஆணுக்கு அலைஞ்சுக்கிட்டு திரிஞ்சுது. வாசம் அடிச்சதும் வேலிய தாண்டிப் போயிட்டான். நான் என்னா பண்ண முடியும்?

— குணா, என் மூஞ்சியப் பாத்து சொல்லு. பொட்ட நாய தேடிப் போனானா?

— ஆமா அண்ணி. ஆண் நாய்ங்க புத்தி அப்படித்தான் லா. நாலு நாளு சுத்திட்டு வரும். சிலது வராது. அதுக்குப் போயி சித்தியவான்ல உங்கம்மா வீட்டுலேர்ந்து வந்த களைப்புலயே நின்னு சண்ட போடுறீங்களே. உள்ள வந்து ஒரு வாய் மைலோ குடிங்க.

— ஜேக்கிக்கு காயடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

— என்னா?

— ஸ்கூடாய்ல கிளினிக்குல. உங்கண்ணன்தான் தூக்கிட்டுப் போனாரு. உன்கிட்ட சொல்லலையா?

— அலமாக். அண்ணே, நெசமாவா? ஆம்பள நாய போயி காயடிச்சிட்டு வந்தீங்களா?

— அத ஏண்டா இப்ப கேக்குற?

— இல்லண்ணே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.

— அவரு எப்படி சொல்வாரு குணா? யாராச்சும் நாய்க்குப் பின்னால பாத்துடுவாங்கன்னு ஒரு மாசம் வாக்கிங்கே கூட்டிட்டுப் போகல. நாய் பாட்டுக்கு ஜாலியா இருந்துச்சு, இவருக்குத்தான் மானம் போச்சு. சரி. பொட்ட நாய் கத முடிஞ்சுது. அப்புறம்? அடுத்த கதய சொல்லு.

— கத இல்ல அண்ணி. அன்னைக்கு... அன்னைக்கு பெரிய இடி வேற. வாசல் கேட்டு தொறந்து கெடந்துச்சு. பயந்துபோயி ஓடியிருக்கும்.

— இடி இடிச்சா ஜேக்கி ஓட மாட்டான். கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு அங்கயே உச்சா போயிடுவான். மழ விட்ட பொறவு நான் போயி இழுக்கணும். கேட்டு தொறந்தா ஓடுறவ மினி. பொட்ட நாய்னு பேரு, ஆனா தாமான்ல தெருத்தெருவா ஒரு சுத்து சுத்தி, எல்லா வீட்டுக் குப்பையையும் பாத்துட்டு, அவளுக்கு தோணுனப்பதான் வருவா. ஜேக்கி கேட்டு வரைக்கும் வருவான், நின்னு என்ன திரும்பிப் பாப்பான். நான் வரலன்னா அவனும் போக மாட்டான். இப்ப நீ சொல்ற, ஓடுற நாய் வீட்டுல இருக்கு, ஓடாத நாய் ஓடிப் போச்சுன்னு.

— போதும் லோஷி. வந்ததுலேர்ந்து போலீஸ் மாதிரி நிக்க வச்சு கேக்குற. ஒரு மாசமா என் தம்பி ரெண்டு நாய்க்கும் சோறு போட்டான். அதுக்கு ஒரு தேங்ஸ் சொன்னியா? மினிய ஏத்து, போலாம். நாளைக்கு விடிகாலையில நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகணும்.

— ரூபன், ஒண்ணு கேக்கவா? நாய் காணோம்னு குணா இப்பத்தான் சொல்றான். உங்களுக்கும் இப்பத்தான் தெரியும். அப்படித்தானே?

— ஆமா.

— அப்ப தேடிப் பாப்போம்னு ஏன் ஒரு வார்த்த வரல உங்க வாயிலேர்ந்து?

— தேடி என்னா பண்றது? ஆண் நாய் ஒரே எடத்துல நிக்காது. யார் சோறு வச்சாலும் வாலாட்டிக்கிட்டு அங்கயே இருந்துக்கும். எங்கயாச்சும் நல்லாதான் இருப்பான். பொட்ட நாய்தான் வீட்டோட ஒட்டிக்கும், பிரிச்சா ஏங்கிப் போயிடும். எங்க எஸ்டேட்டுல எத்தன நாய் பாத்திருப்பேன் நான்.

— எஸ்டேட்டுல நாய் பாத்திருக்கீங்க. நம்ம வீட்டுல இருக்குற நாயப் பாக்கல. சரி, மினிய நீங்களே கூப்பிடுங்க.

— எதுக்கு?

— காருல ஏத்தணும்ல. அவ உங்க செல்லம்தானே. உங்க மோட்டார் சத்தம் கேட்டா கதவ பேத்துக்கிட்டு வர்றவ. கூப்பிடுங்க.

— மினி. மினிம்மா. வா வா. அப்பா வந்திருக்கேன் பாரு. ஏய்... டேய் குணா, என்னாடா இது, பல்ல காட்டுது?

— வெயிலு அண்ணே. காலையிலேர்ந்து அப்படித்தான் இருக்கு.

— வெயிலுன்னா என்கிட்ட ஏன் காட்டல? நான் வந்தப்ப எம்மேல ஏறி விழுந்தாளே. குணா, அவ வாய்க்கிட்ட என்னா அது? பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு.

— அது... கம்பிய கடிச்சிருச்சு அண்ணி.

— எந்தக் கம்பிய?

— வேலிக் கம்பி.

— எதுக்குக் கடிச்சா?

— குணா, நீ உள்ள போடா.

— அவன் எங்கயும் போக மாட்டான். ரூபன், ஜேக்கிய திட்டினா அஞ்சு நிமிஷத்துல மறந்துட்டு வந்து கைய நக்குவான். மினி அப்படி இல்ல. ஊசி போட்ட டாக்டர அடுத்த வருஷம் பாத்தும் உறுமினா. வாலுல நான் தெரியாம மிதிச்சதுக்கு எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் படுத்திருந்தா. அவளுக்கு மறதி கெடையாது. அவ முன்னாடி என்னா பண்ணீங்க?

— நான் எங்க இங்க வந்தேன்? உன்ன பஸ்ஸு ஏத்திவிட்ட அன்னைக்கு ரெண்டையும் கொண்டாந்து விட்டேன். அதோட சரி.

— குணா, அதுக்கப்புறம் உங்கண்ணன் இங்க வந்தாரா?

— அண்ணி, என்ன ஏன் இதுல இழுக்குறீங்க.

— வந்தாரா இல்லையா?

— அண்ணே, நீயே சொல்லிடு. என்னால முடியாது. இவங்க கேக்குற கேள்விக்கு எனக்குப் பொய் வர மாட்டேங்குது.

— வாய மூடுடா.

— எனக்கு மூடத் தெரியல அண்ணே. வந்தாரு அண்ணி. போன வெள்ளிக்கெழம, லீவு போட்டுட்டு வந்தாரு. ஜேக்கிய குளிப்பாட்டி, கழுத்துப் பட்டைய கழட்டிட்டு, பூமாலை போட்டு காருல ஏத்துனாரு. அது சந்தோஷமா ஏறிச்சு. உங்ககிட்டதான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சுக்கிச்சு போல. மினிதான் சும்மா விடல. வேலிக் கம்பிய கடிச்சுக்கிட்டு, வாயெல்லாம் ரத்தம். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் கட்டிப் போட்டோம்.

— எங்க கொண்டுபோனாரு?

— சாஆ ஊரு பக்கம். எஸ்டேட்டுக்குள்ள முனியாண்டி கோயில் இருக்குல்ல, அங்க.

— சாஆவுக்கா? இங்கேர்ந்து அவ்ளோ தூரமா?

— கிட்டக்க விட்டா மோப்பம் பிடிச்சு வந்துடும்னு அண்ணன்தான் சொன்னாரு.

— ரூபன்.

— சரி, ஆமா. விட்டேன். இப்ப என்னாங்குற? காட்டுலயா விட்டேன்? கோயில்ல விட்டேன். முனியாண்டிக்கு நாய காவலுக்கு விடுறது எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு. சோறு உண்டு, தண்ணி உண்டு, கூட பத்து நாய் இருக்கு.

— இடிக்கு உச்சா போற நாய முனியாண்டிக்குக் காவலுக்கு விட்டீங்களா?

— இதுதான், இந்தப் பேச்சுதான். உன்கிட்ட ஏன் சொல்லலன்னு இப்ப தெரியுதா? எதச் சொன்னாலும் நக்கலு. நான் எதுக்காக அந்தக் கோயிலுக்குப் போனேன்னு கேட்டியா?

— கேக்குறேன். சொல்லுங்க.

— ரெண்டு தடவ கலைஞ்சுது லோஷி. ரெண்டு தடவ. நீ ரூமுக்குள்ள படுத்து அழுவ, உன் நாய் உன் பக்கத்துல படுத்துக்கும். நான் எங்க போயி அழுவேன்? டாக்டர் ஒண்ணும் கொறையில்லன்னு சொல்றாரு. கொறையில்லன்னா ஏன் நிக்கல? அதான் கோயில் பூசாரி ஐயாசாமிகிட்ட போனேன். அவரு மேல சாமி எறங்கி சொல்லுச்சு. உன் வீட்டு வாசல்ல இன்னொரு ஆம்பள மறிச்சுக்கிட்டு நிக்கிறான், அவன எனக்குக் குடு, நான் உனக்கு வாரிசு தர்றேன்னு.

— அது ஜேக்கின்னு சாமி சொல்லுச்சா?

— வேற யாரு இருக்கா நம்ம வீட்டுல? நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளா அவன் என்ன பாத்து உறுமல? நான் கட்டில்ல ஒக்கார முடியல. உன் கையப் பிடிச்சா பல்ல காட்டுறான். மூணு வருஷமா என் மடியில வளந்த நாய் திடீர்னு எனக்கு எதிரியா நிக்கிது. ஏன்னு நீயே சொல்லு. அது சாதாரண விசயமில்ல. சாமி சொன்னது அப்படியே ஒத்துப்போச்சு.

— சிங்கப்பூர்ல கோடிக்கணக்குல வெல வச்ச மெஷினுக்கு இவருதான் சூப்பர்வைசர், குணா. ஒரு போல்ட்டு லூசா இருந்தாலும் ஏன், எதுக்குன்னு பத்து பேர நிக்க வச்சு கேப்பாரு. வீட்டுல நாய் ஏன் உறுமுதுன்னு கேக்க எஸ்டேட்டுக்குப் போயிருக்காரு.

— நம்பிக்கைய கேலி பண்ணாத. ரெண்டு நாய்ல எதக் குடுக்குறதுன்னு நானும் யோசிச்சேன். மினின்னா ஏங்கிச் செத்துடும்னுதான் ஜேக்கிய குடுத்தேன். ஆண் நாய், சோறு கண்ட எடத்துல சொந்தமா இருந்துக்கும். இப்ப என்ன மறந்தே போயிருக்கும்.

— அண்ணே, அது... மறக்கல.

— நீ சும்மா இருடா.

— இல்லண்ணே, சொல்லித்தான் ஆவணும். ஐயாசாமி எனக்குப் போன் அடிச்சாரு. உனக்கு அடிச்சா நீ எடுக்கலயாம். அண்ணி, அது அங்க ஒண்ணும் சாப்புடலயாம். கோயில் சோறு, கோழி, எத வச்சாலும் மோந்துகூட பாக்கலயாம். மத்த நாய்ங்க கடிக்க வந்தா திருப்பிக் கடிக்காம படுத்துக்குதாம். கார் திரும்பிப் போச்சுல்ல, அந்த செம்மண் முச்சந்திலயே கெடக்காம். நம்ம கார் மாதிரி வெள்ள மைவி எது வந்தாலும் எந்திரிச்சு கூடவே ஓடுதாம். செம்பனை லோரி ஒண்ணுல அடிபடாம நூலுல தப்பிச்சிருக்கு. வந்து கூட்டிட்டுப் போப்பா, சாமி பேரக் கெடுக்காதன்னு அவரே சொல்றாரு.

— அவரே சொல்றாரா?

— ஆமா அண்ணி. நீங்க வர்ற அன்னைக்கு சொல்லலாம்னு இருந்தேன். அண்ணன் வந்து முன்னால நின்னுக்கிட்டாரு. எனக்கு பயம்.

— பயம். எல்லாரும் ஆம்பளைங்க. கார் சாவிய குடுங்க ரூபன்.

— மாட்டேன்.

— குடுங்க. குணா, நீ ஓட்டு. எனக்கு அந்தக் கோயிலு வழி தெரியாது. மினிய முன்னால ஏத்து, அவள பாத்தா ஜேக்கி வந்துடுவான்.

— குணா, சாவியில கைய வச்ச, தம்பின்னு பாக்க மாட்டேன்.

— அண்ணே, நீ கட்டிப்போட சொன்னப்ப கட்டிப் போட்டேன். அதுக்கே எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கல. இப்ப என்ன அடிச்சாலும் நான் வண்டி ஓட்டுவேன்.

— லோஷி, கடேசியா சொல்றேன், கேட்டுக்க. சாமிக்குக் குடுத்தத ஐயாசாமி திரும்ப எடுத்துக்கச் சொன்னா ஆச்சா? வேண்டுனவன் நான். திரும்ப எடுத்தா குத்தம் என் தலையில விழும். நீ அந்த நாய காருல ஏத்துன, அதோட நமக்கு புள்ளன்ற பேச்சே கெடையாது. ஊருல நாலு பேரு உன்ன என்னா சொன்னாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன். நல்லா யோசிச்சு சொல்லு. உனக்கு நாய் வேணுமா, புள்ள வேணுமா?

— எனக்கு நாலாவது மாசம் நடக்குது ரூபன். ரெண்டு தடவையும் உங்ககிட்ட சொன்ன கையோட ஊருக்கே சொன்னீங்க, ரெண்டும் நிக்கல. அதான் இந்தத் தடவ அம்மா காலு ஆப்பரேஷன்ன சாக்கா வச்சு சித்தியவான்ல போயி படுத்துக் கெடந்தேன், யார்கிட்டயும் வாயத் தொறக்கல. ஜேக்கி மட்டும்தான் எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, என் வயித்துக்கிட்ட உங்களக்கூட விடல. நீங்க முனியாண்டிகிட்ட கையேந்தி நின்னப்பவே உங்க புள்ள இங்க இருந்துச்சு.