மிகுலோவ் இறக்கத்தில் வாலாட்டிய கேம்பர்

என் பெயர் பிளாங்கா ஹோலுபோவா, வயது 43, கணவர் பெயர் ராதெக். ப்ர்னோ நகரில் குடியிருந்து மருந்துக்கடையில் வேலை பார்த்து வருகிறேன். மிகுலோவ் போலீஸ் நிலையத்தில் விசாரித்ததன்பேரில் இதைச் சொல்கிறேன்.

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் எங்கள் கேம்பர் வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதோ, சாமான் ஏற்றிய பிறகும் அதற்கு நன்றாகக் கீழே நிற்கும்படி, நான்கு பேர் படுக்கும் சின்ன வண்டியாக எடுத்தேன். கணவரின் அண்ணன் விலெம் அதை நாய்க்கூண்டு என்று கேலி செய்வார்.

இன்று காலை குரோஷியக் கடற்கரைக்குப் புறப்படும் முன், கனமான சாமான்களைச் சக்கரங்களுக்கு நேர்மேலே தரையோடு அடுக்கி, கொக்கியில் விழும் பாரத்தை எடை மெஷினில் பார்த்து, டயரையும் விளக்குகளையும் சரிபார்த்த பிறகே காரை எடுத்தேன். விலெம் தனியாகத் தன் காரில் பின்னால் வந்தார். அதன் பிறகு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, மகள் எலிஷ்காவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வந்தேன்.

அதன் பிறகு மிகுலோவ் இறக்கத்தில் கேம்பர் இடமும் வலமுமாக வீசி வாலாட்ட ஆரம்பித்தது. பிரேக்கைப் போடச் சொல்லிக் கணவர் என் கையைப் பிடித்தார். "கையை எடுங்க, ராதெக்" என்றேன். அந்த வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் கேம்பர் கவிழும் என்பதால், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்சீட்டில் எலிஷ்கா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேம்பர் ஆடி அடங்கியது, ஓரமாக நிறுத்தினேன். ஒட்டிக்கொண்டே வந்த விலெம் பிரேக்கை மிதித்ததில் அவர் கார் சாலைத் தடுப்பில் மோதியது. யாருக்கும் அடி இல்லை.

அதன் பிறகு வந்த போலீசாரிடம், எனக்கு ஓட்டத் தெரியாததால்தான் விபத்து என்று விலெம் சொன்னார். என் லைசென்ஸ் போகும் நிலை. பின்னால் பாரம் ஏறாமல் அப்படி ஆடாது என்று எனக்குத் தெரியும் என்பதால், கேம்பரின் பின்புறச் சாமான் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஐந்து பெட்டி பீரும், ஒரு மூட்டை டப்பா இறைச்சியும் இருந்தன. அவை எங்களுடையவை அல்ல. விலெம் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அதன் பிறகு, அண்ணன் பேச்சுக்கு இதுவரை மறுபேச்சுப் பேசாத என் கணவர் பேசினார்.

"பெட்ரோல் பங்குல வெச்சது நீ, கதவைத் தொறந்து விட்டது நான். அவ மேல பழியைப் போடாத, அண்ணே. நாம இங்க உயிரோட நிக்கிறதே அவளாலதான்."

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

விலெமின் கார் ஓடும் நிலையில் இல்லை. அவர் எங்களோடு வருகிறார். பீர் வராது. இன்றிலிருந்து அவருக்கும் அந்த நாய்க்கூண்டில்தான் படுக்கை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பிளாங்கா ஹோலுபோவா