‘க’ கடந்த பிறகு

காலையில் தேநீர் கொதிப்பதற்கு முன்பே என் கைப்பேசி சிணுங்கத் தொடங்கிவிடும், ஐயா. நெரவியில் தனியே வாழும் முதியவர்கள், நலமாக எழுந்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். கொடுக்காதவரின் பெயரைக் கணினியில் நான் சேர்ப்பேன். எட்டு மணிக்கு என் நிரல் அப்பெயர்களை அகரவரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்தத் தெருவின் தொண்டரை அழைத்து, வீட்டுக்கு அனுப்பும். கணினி ஆசிரியராக ஓய்வுபெற்ற நான் ஊருக்காக எழுதிய நிரல் அது.

அதன் நடையை மாணவர்களுக்குக் கதையாகச் சொல்வது வழக்கம். கொக்கு ஒன்று வரப்பில் முன்னோக்கியே நடக்கிறது. எதிரே மீன் துள்ளினால் கொத்தும். கடந்துவந்த வயலில் துள்ளினால் திரும்பிப் பாராது. நிரலும் அப்படித்தான். அது ஓடும்போதே புதுப்பெயரைச் சேர்க்கலாம். மோதல் வராது, பிழை காட்டாது, நிற்கவும் நிற்காது. ஆனால் ‘த’வை எட்டிய பின் ‘க’வில் சேர்ந்த பெயர் அந்தச் சுற்றில் அதன் கண்ணில் படாது. அடுத்த சுற்று மறுநாள் காலையில்தான்.

கனகாம்பாள் எனக்கு அடுத்த வீடு. நடுவே ஒரே சுவர். அவர் வீட்டுக்கு மறுபக்கம் வெறும் மனை. மாலையில் கொல்லைப்புறத்திலிருந்து பேசுவார். நாள் முழுவதும் என்னோடு பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

சென்ற வாரம் சொன்னார்: “கலைவாணன் ஞாயித்துக்கெழம வந்து பெங்களூருக்கு அழைச்சுக்கிட்டுப் போறான் சார். ஒங்க கம்ப்யூட்டர்லேர்ந்து எம் பேர எடுத்துடுங்க.” பிறகு சிரித்தார். “மகன் வீட்டுக்குப் போயிட்டா, இனிமே நீங்க வெறும் செவத்துக்கிட்டதான் பேசணும்.”

வெள்ளியன்று அவரிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லை. சுவருக்கு அப்பால் கனமாக ஏதோ விழுந்த ஓசை கேட்டது. நிரல் அப்போது தொடங்கியிருக்கவில்லை. நான் பொறுத்திருந்தேன். அது தெட்சிணாமூர்த்தியின் பெயரை எடுத்த பிறகு கனகாம்பாளின் பெயரைச் சேர்த்தேன். விசாரிக்க வந்த நீங்களே கணினியில் பார்க்கலாம், பெயர் அங்கேதான் இருக்கிறது.

அவர் சாக வேண்டுமென்று நான் எண்ணவில்லை. நானே போய்த் தூக்கிவிட்டால், ஊரைவிட்டுப் போகும் எண்ணத்தை அவர் கைவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அமர்ந்தேன். சுவருக்கு அப்பால் அவர் “கலைவாணா, கலைவாணா” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? மதியத்துக்கு மேல் குரல் மெலிந்தது. விளக்கேற்றும் வேளையில் நின்றுவிட்டது.

ஒரே ஒருமுறை ‘சார்’ என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், ஐயா.