மெயினை மேலே தூக்கியது நான்தான்

என் பெயர் அன்னக்கொடி. வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் பழனிக்குமார். கொடைக்கானல் வட்டம் கூக்கால் கிராமத்தில், ஏரிக்கு மேலே உள்ள தோட்டத்து வீட்டில் குடியிருந்து பூண்டும் பீன்ஸும் விவசாயம் செய்துவருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று முதல் பஸ் ஏறி நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்ல, எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் வீட்டை ஒட்டிய வீடு என் கொழுந்தன் ஞானவேலுடையது. அவர் மனைவி தேவசேனா. மாமனார் தோட்டத்தை இரண்டு பேருக்கும் நேர்பாதியாகப் பிரித்தோம். பிரித்ததில் இருந்து அவர்கள் பாதியில் பூண்டு பல் பருத்து விளைகிறது, எங்கள் பாதியில் நரங்கிப்போகிறது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவைதான், எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

மேற்படி தேவசேனா மாடியில் அறை கட்டி டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். போன மாதம் கையால் தூக்கிவைக்கிற மாதிரி ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினாள். அதற்கு மாலை போட்டு, சூடம் காட்டி, எங்கள் வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினாள். நான் அதை மாட்டுக்கு வைத்துவிட்டேன்.

அதன் பிறகு பெருமாள்மலையில் இருந்து குமாரவேல் என்ற எலக்ட்ரீசியன் வந்து, இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒரு வயரைக் கொண்டு ஜெனரேட்டரை வீட்டுப் பிளக் பாயிண்டில் மாட்டி ஓடவிட்டார். அப்போது ஊரில் கரண்டு இல்லை. நான் வேலியோரம் பீன்ஸ் பறிக்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடவிட்டவுடன் எங்கள் வீட்டு பல்பு செக்கச்செவேலென்று ஒரு மின்னு மின்னியது, ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றுபோனது. குமாரவேல் பதறிப்போய், "மெயின் சுவிட்ச யாருங்க மேல வச்சது? மெயின எறக்காம இத ஓட்டவே கூடாதுங்க. கரண்டு வெளிய லைனுக்குப் போயிரும். லைனையும் ஜெனரேட்டரையும் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி மாட்டுற வரைக்கும் இது முக்கியம்" என்று சத்தம் போட்டார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் நின்று கேட்கவில்லை. தன் வீட்டுக் கரண்டு ஒரு சொட்டுகூட எங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று அவள் பூட்டிவைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்புக்கு விறகே தேவைப்பட்டிருக்காது.

அதன் பிறகு சென்ற வாரம் அடித்த காற்றில் தைல மரம் ஒன்று விழுந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் வருகிற கடைசி லைன் அறுந்துபோனது. கொழுந்தன் பூண்டு மூட்டைகளோடு வடுகபட்டி சந்தைக்குப் போயிருந்தார். தேவசேனா இருட்டினவுடன் ஜெனரேட்டரை ஓடவிடுவாள். அவள் வீட்டு டிவியில் சீரியல் பாட்டு எங்கள் அடுப்பங்கரை வரை கேட்கும், நான் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அக்கா, போனுக்கு சார்ஜ் போடணும்னா கொண்டாங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டாள். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் லைன்மேன் பொன்னுவேலுக்குப் போன் செய்து, எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "மரம் அங்கங்க விழுந்து கெடக்குக்கா, நாளைக்கு வெள்ளனே வாரேன்" என்றார். இன்னொரு ராத்திரி அந்தச் சீரியல் பாட்டைக் கேட்க என்னால் முடியாது. அதனால் என் கணவருக்கு நெஞ்சு இழுக்கிறது, இருட்டில் படுத்துக் கிடக்கிறார் என்று பொய் சொன்னேன். அந்த நேரம் என் கணவர் டீக்கடையில் இருந்தார். பொன்னுவேல் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதன் பிறகு சாயங்காலம் மூட்டம் இறங்கும் நேரத்தில் தேவசேனா ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர்கள் மீட்டர் பெட்டியும் மெயினும் வெளிச்சுவரில்தான் இருக்கின்றன. நான் போய் மெயினை மேலே தூக்கினேன். எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது, ஊர் லைன் அறுந்து கிடந்ததாலோ என்னவோ இந்தத் தடவை அணையவும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் ஊற்றும் பெட்ரோலில் என் வீடும் எரியட்டும் என்று நினைத்து, கூடுதலாக வாசல் விளக்கையும் போட்டேன்.

சற்று நேரத்தில் பீன்ஸ் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கரண்டுக் கம்பத்தில் இருந்து ஒரு அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பொன்னுவேல் பாத்தியில் விழுந்து கிடந்தார். வலது கை கருகியிருந்தது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் ஏறியிருக்கிறார், ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்து கரண்டு வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊர் ஆட்கள் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து ஏற்றும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, அண்ணனுக்கு இப்பத் தேவலையா?" என்று கேட்டார். ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் என் கணவரும் இருந்தார்.

தேவசேனா அலறல் கேட்டவுடன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மீட்டர் பெட்டிக்குப் போனாள். மெயின் மேலே இருப்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போலீஸார் வந்து விசாரித்தபோது, "நான்தான் சார் மெயின எறக்க மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். தப்பித்தோம் என்று அன்றைக்கு நான் நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் குழாயடியில் ஒரே பேச்சு. "மறைக்காம ஒத்துக்கிட்டாளே மகராசி, வேற ஒருத்தியா இருந்தா செய்வாளா?" என்கிறார்கள். பொன்னுவேலின் மனைவி ராஜகுமாரி மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து மாற்றுத் துணி எடுக்க வந்தவள், கை இருக்குமா எடுக்கணுமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை என்றாள். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவளோ தேவசேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெரியாமத்தான செஞ்சீங்க" என்று அழுதாள். ஊரே சேர்ந்து அழுதது.

அதன் பிறகு நேற்றுச் சாயங்காலம் தேவசேனா வேலியோரம் வந்து, "அக்கா, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பிச்சை போட இவள் யார்? நல்ல விளைச்சல் அவளுக்கு, மாடி அவளுக்கு, வெளிச்சம் அவளுக்கு. நான் செய்த பாவத்திலும் அவளுக்கே நல்ல பெயரா? விடிய விடியத் தூக்கம் வரவில்லை.

மனம் வருந்தி வந்ததாக எழுதிக்கொள்ளட்டுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். அப்படி எழுத வேண்டாம் என்று சொன்னேன். பொன்னுவேல் கேட்டதற்கு மட்டும் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே கண்டதெல்லாம் நான் என் வாயால் சொன்னது, நடந்ததும் அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. எழுத்தர் முழுவதும் படித்துக் காட்டக் கேட்டேன். இதிலும் என் பெயரைவிடத் தேவசேனா பெயர்தான் அதிகம் வருகிறது என்று சொன்னேன். மாற்ற முடியாது என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) ப. அன்னக்கொடி