புஷ்பத்தோட அப்பா

வேணாங்கய்யா, உள்ள வரல. இங்கன வாசல்லயே நின்னுக்கிறேன். சேலையா? ஈரந்தாங்க. மழையில இல்ல, ஆத்துல முழுகிட்டு அப்பிடியே ஓடியாந்துட்டேன். காத்துல காஞ்சிரும். வந்தது என்னன்னா, நேத்து கோர்ட்டுல இருந்து ஒரு வண்டிக்காரர இந்த ஜெயிலுக்குக் கொண்டாந்தாங்கள்ல, அவருக்கு ஒரு சேதி சொல்லணும். நான் அவரு சம்சாரம், கருப்பம்மா.

அவரு பேரா? அது எப்பிடிங்க, கட்டுனவரு பேர வாயால சொல்றது! சிரிக்காதீங்க. உங்க யாழ்ப்பாணத்துல சொல்லுவாங்களோ என்னவோ, எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்பாங்க. மதுரயில குதிர மேல அருவாளோட ஒரு சாமி காவ நிக்கிதுல்ல? ஆமா, அதேதான். அதுல பின்பாதிய எடுத்து அய்யாவச் சேத்து எழுதுங்க. இல்லாட்டி புஷ்பத்தோட அப்பான்னு எழுதிக்குங்க. தோட்டத்துல எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறது. ஒத்தப் பிள்ளைங்க எங்களுக்கு.

இன்னிக்குப் பாக்க ஏலாதா? சரிங்க. அதுவும் நல்லதுதான். நீங்களே சொல்லிருங்க. பிள்ள நல்லா இருக்கு, கஞ்சி குடிச்சிச்சுன்னு சொன்னாப் போதும்.

குடிகாரனுக்கு இம்புட்டு வக்காலத்தான்னு பாக்குறீங்க. குடிகாரருதான், நான் இல்லேங்கல. தேயிலப் பெட்டிய ஏத்திக்கிட்டு பண்டாரவளை ஸ்டேசனுக்குப் போவாரு, திரும்பி வாரப்ப தோட்டத்துக்கு அரிசி மூட்ட ஏத்திக்கிட்டு வருவாரு. வழியில எத்தன சாராயக் கட இருக்குன்னு மாடுங்களுக்கே தெரியும், கட வந்தாத் தானா நின்னுரும். ஒரு நாளு குடிவெறியில வண்டியிலயே தூங்கிப்புட்டாரு. மாடு ரெண்டும் நட்ட நடு ரோட்டுல நின்னு ஒரு தொரையோட குதிர வண்டிய மறிச்சிருச்சு. அப்ப இதே கோர்ட்டுல அவராதம் போட்டாங்க. ஜட்ஜு தொரை அன்னிக்கே சொல்லிட்டாரு, இன்னொருக்கா வெறியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்து நின்னியானா அவராதம் இல்ல, ஜெயிலு மறியல்தான், வண்டி ஓட்டுற லைசனும் போயிரும்னு.

மனுசன் பயந்துட்டாருங்க. வீட்டுக்கு வார வழியில, எல்ல கணவாயில முனியாண்டி கல்லு இருக்குல்ல, அதுக்கு முன்னால கற்பூரம் கொளுத்தி சத்தியம் பண்ணிட்டாரு. வார ஆடி வரைக்கும் இந்தக் கருமத்தத் தொடாம என்னையக் காப்பாத்து சாமி, ஒனக்கு ஒரு போத்தல் சாராயமும் சுருட்டும் வைக்கிறேன்னு நேந்துக்கிட்டாரு. என்ன கேக்குறீங்க? குடிய விட்டதுக்குச் சாராயமாவா? அய்யா, முனிக்கு அதத்தான வைப்பாங்க! சக்கரப் பொங்கலா வைப்பாங்க?

சத்தியமாத் தொடலங்க. தீவாளிக்கு எங்கண்ணன் கணபதி ஊத்திக் குடுத்தப்பக்கூட கும்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த வருசந்தாங்க நாங்க குடும்பம் நடத்துனது. காலயில பேரு கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு நான் கொழுந்து எடுக்கப் போயிட்டா, வண்டி இல்லாத நாள்ல அவருதான் பிள்ளைக்குத் தல சீவி விடுவாரு. கோணக்கா மாணக்கான்னு இருக்கும். அம்மா நீ அவுக்காத, அப்பா போட்ட சடைன்னு அவ அதோடவே திரிவா.

ஆடி வந்துச்சு. நேத்திக்கடன முடிச்சிருவோம்னு பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. எங்காளுங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கல்லுக்குப் பாதி ஊத்தணும். மிச்சத்த வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது, கீழ கொட்டவும் கூடாது. வண்டிக்காரங்க அங்கயே ஆளுக்கு ஒரு வாயி குடிச்சு முடிக்கணும். சாமி குடுத்தத வேணாம்னா மலையெறங்கயில முனி பொரட்டிப் போட்டுரும்பாங்க. எப்பவும் நாலஞ்சு வண்டி சேந்துதான் வரும். அன்னிக்குன்னு பிள்ள கல்லுக்கு வைக்கப் பூப் பறிச்சுக்கிட்டு நின்னுச்சாம், மத்த வண்டியெல்லாம் முந்திப் போயிருச்சு. பாதிப் போத்தலு, இவரு ஒருத்தரு. கொட்டவும் பயம், வைக்கவும் பயம். குடிச்சிட்டாரு.

எறக்கத்துல மாட்டுக்கு முன்னால கயித்தப் பிடிச்சுக்கிட்டு நடந்து வரணுங்க. ஒடம்பு மறந்து போன சாராயம், காலு நிக்கல. மேல ஏறி ஒக்காந்துட்டாரு. வளைவுல சக்கரம் கல்லுல ஏறி வண்டி சாஞ்சு, அரிசி மூட்ட பிள்ள மேல விழுந்திருச்சு. அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டு பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடி வந்தாரு பாருங்க, அந்த வாசத்தோடவே போலீசுக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க.

நேத்து கோர்ட்டுல, ஒனக்கு யாரு சாராயம் குடுத்ததுன்னு ஜட்ஜு தொரை கேட்டாரு. முனியாண்டி குடுத்ததுங்கன்னாரு. கோர்ட்டே சிரிச்சிச்சு. எனக்கு அவர வெட்டிப் போட்டுரலாம்னு வந்துச்சு, கட்டிப் பிடிச்சு அழணும்னும் வந்துச்சு. பழைய கேச எடுத்து வாசிச்சாங்க. மொதத் தடவையா இருந்தா எப்பிடியாச்சும் கெஞ்சிப் பாத்திருக்கலாம், ரெண்டாந் தடவைக்கு எரக்கம் இல்லையாம். ஆறு மாசம் கடூழியச் சிறை. லைசனும் போச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவ ஒழிச்சுக் குடுன்னு கங்காணியும் சொல்லிட்டாரு. அவரு போறதுக்கு முன்ன ஒருக்கா பிள்ளையக் காட்டுங்கன்னு மட்டும் கும்புட்டாரு. இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பித் திரும்பிப் பாத்து, நாளைக்குப் பிள்ள சேதி கொண்டா கருப்பம்மான்னு கத்திக்கிட்டே போனாரு.

என்னங்கய்யா? அடுத்த வாரம் பிள்ளையவே கூட்டியாரச் சொல்றீங்களா? கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்ட விடுவீங்களா? ஒங்க பிள்ள குட்டி நல்லா இருக்கணும்.

அவள எங்கய்யா கூட்டிக்கிட்டு வர்றது. விடியக்காலம் ஆஸ்பத்திரியில போயிட்டா. எங்கண்ணன் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டுப் போயி பதுளு ஓயா ஆத்தங்கரையில பொதச்சிட்டு வந்தாரு. அதாங்க முழுகுனேன். தீட்டோட ஒங்க வாசப்படி ஏறக் கூடாதுன்னுதான் வெளிய நிக்கிறேன்.

இனி கேசு, உசுரு போன கேசாத் திரும்புமாம், ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க. திரும்பட்டும். அன்னிக்கு அவரு ஜட்ஜு தொரை வாயால தெரிஞ்சுக்கட்டும். அது வரைக்கும் நீங்க சொல்லிராதீங்க சாமி. உள்ள போயி நம்பரு சொல்லிக் கூப்பிடாம, புஷ்பத்தோட அப்பான்னு கூப்பிடுங்க. எந்திரிச்சு வருவாரு. பிள்ள கஞ்சி குடிச்சிச்சு, அப்பா எங்க அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு சொல்லுங்க.

கஞ்சி குடிச்சதுதாங்க பொய்யி. மத்தது பொய் இல்ல.