எழுபத்தொன்பது முடிச்சுகள்

எழுபத்தொன்பது சீட்டுகளை எண்ண எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. முப்பது நிமிடத்தில் முடித்திருக்கலாம். நான் எதையும் மெதுவாகச் செய்கிறவள் என்று ஊருக்குத் தெரியும். வெளியே காத்திருந்த யாரும் கதவைத் தட்டவில்லை.

அது 1996 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. இரண்டு வருடம் ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு மறுபடியும் வாக்கெடுப்பு. லீமாரோஸ் சித்தியை ஊருக்குள் திரும்பச் சேர்க்கலாமா என்பது கேள்வி. இந்தத் தடவையும் நான்தான் எண்ண வேண்டும் என்று ஊர்க்கமிட்டி கேட்டது. முடியாது என்றேன். தலைவர் சந்தியாகு மாமா, "வாயத் தொறந்துதான் சொல்ல மாட்டே, ஏன் முடியாதுன்னு எழுதியாச்சும் குடு" என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதிக் கொடுக்கிறேன்.

கஞ்சாவைப் பற்றி எங்கள் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அரசாங்கச் சட்டம் தனி. போலீஸ் இந்தக் கரைக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். ஊர்க் கட்டுப்பாடு தினமும் இருக்கும். 1988இல் எங்கள் வள்ளம் ஒன்று மூட்டைகளோடு பிடிபட்டு மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஒருவர் திரும்பவில்லை. அன்றைக்குப் போட்ட கட்டுப்பாடு: கஞ்சா யார் வீட்டில் இருந்தாலும், எவ்வளவு இருந்தாலும், அந்த வீடு ஊருக்கு இல்லை. கரையில் மீன் எடுக்கக் கூடாது. யாரும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. நல்ல காரணத்துக்குப் போட்ட கட்டுப்பாடுதான்.

என் அய்யா சவேரியாருக்கு இடுப்பு எலும்பில் புற்று. மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மருந்து ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர் சீட்டைத் தொடக்கூட இல்லை. அய்யா திருக்கை மீனின் முள் கட்டைவிரலைக் கிழித்தபோது சிரித்தவர். ஜூன் மாதம் அவர் துண்டைச் சுருட்டிப் பல்லுக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று.

லீமாரோஸ் சித்தி அம்மாவின் சிநேகிதி. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள். ராமேஸ்வரத்துக்குக் கருவாட்டுக் கூடை கொண்டுபோய் விற்பாள். ஒரு நாள் கூடைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். "சாமியாரு ஒருத்தரு குடுத்தாரு. மேலுவலிக்குப் போட்டுக்கிருவாகளாம். ஒங்கய்யாவுக்குக் குடுத்துப் பாரேன். நீதான் படிச்சவளாச்சே, எம்புட்டுன்னு நீயே பாத்துக்க."

அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பது எனக்குத் தெரியும். தேங்காய்ப்பாலில் காய்ச்சி மூன்று கரண்டி கொடுத்தேன். அன்று அய்யா ஆறு மணி நேரம் தூங்கினார். எழுந்து கஞ்சி கேட்டார். "என்னத்தா, இன்னைக்கு ஊரு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார். அமைதியாக இருந்தது ஊர் அல்ல.

ஒளித்துச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன். நோயாளி இருக்கும் வீட்டில் மட்டும், மருந்துக்கு மட்டும், கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். சந்தியாகு மாமா மனுவை இரண்டு தடவை படித்தார். "ஊரக் கேக்காம ஒண்ணும் செய்ய ஏலாதுத்தா" என்றார். வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் தவணை.

அந்த மூன்று வாரத்தில் எழுபத்தெட்டு வீடுகளுக்குப் போனேன். பாதி வீடுகளில் அதுவரை நான் பேசியதே இல்லை. வாசலில் நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பேன். சிலர் சிரித்தார்கள். வள்ளக்கார அந்தோணி மாமா, "ஓட்டுக் கேக்க வந்தவன் சேலை குடுத்துருக்கான், சாராயம் குடுத்துருக்கான். கஞ்சாவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்" என்றார். பிறகு, "ஒங்கய்யாவுக்குத்தானே. போடுறேன் போ" என்றார். மதலேனாள் அத்தை கதவைத் திறக்கவே இல்லை. ஜெயிலிலிருந்து திரும்பாதது அவர் மகன். கதவுக்குப் பின்னாலிருந்து, "எம்புள்ளையத் தின்ன எலையை எங்கிட்டயே கேட்டு வாரியா? நல்லாருப்படி" என்றார்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டேன். வேண்டும் என்றவர்கள் நாற்பத்தாறு வீடு. வேண்டாம் என்றவர்கள் இருபத்திரண்டு. பிடிகொடுக்காதவர்கள் பத்து. நான் போய்க் கேட்காத வீடு ஒன்றுதான். எங்கள் வீடு.

எங்கள் ஊரில் வாக்குப் போடும் முறையையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு சீட்டு, அதைப் போடுவது வீட்டின் மூத்தவர். வேண்டும் என்றால் வட்டம், வேண்டாம் என்றால் கோடு. முன்பு ஒரு தடவை கச்சான் காற்று அடித்துச் சீட்டுகளைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டதாம். அதிலிருந்து சீட்டைச் சுருட்டி, வலை நூலால் கட்டி, மீன் போடும் ஓலைக்கூடையான பறிக்குள் போடுவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பறி வீடு தேடிப் போகும். எண்ணுகிறவர் கோயில் பின்னறையில் தனியாக உட்கார வேண்டும். எண்ணி முடித்ததும் உள்ளேயே சீட்டுகளை எரித்துவிட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று பின்னால் சண்டை வரக் கூடாது என்பதற்காக.

என் வீட்டு விஷயம், நான் எண்ணக் கூடாது என்று சொன்னேன். எதிர்த்தரப்புதான் என்னைக் கேட்டது. "சவேரியாரு மக பொய் சொல்லாது. அதுக்கு மெய் சொல்லவே வாய் வராது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் முடிவானது.

ஊர் யோசிக்காதது ஒன்று. என் அய்யா கிழிந்த வலைகளைப் பொத்துகிறவர். எட்டு வயதிலிருந்து நானும் அவரோடு உட்கார்ந்து இந்த ஊர் வலைகள் அத்தனையையும் பொத்தியிருக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஒருவர் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவார். ஒருவர் நூலின் வாலை நீளமாக விடுவார். அந்தோணி மாமா இடக்கைக்காரர். முடிச்சுப் போடுகிறவருக்கு அது வெறும் முடிச்சு. எனக்கு அது பெயர் எழுதிய சீட்டு.

அதனால் யார் என்ன போட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சீட்டுகளை எரித்துவிட்டு வெளியே வந்து, வேண்டும் முப்பத்தைந்து, வேண்டாம் நாற்பத்து நான்கு என்று சொன்னேன். என்னிடம் வாக்குக் கொடுத்தவர்கள் நாற்பத்தாறு பேர் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் வீட்டையும் சேர்த்து நாற்பத்தேழு வட்டம் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று ஊர் முடிவுகட்டியது.

அன்றிலிருந்து ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். "ஏத்தா, நான் வட்டந்தான் போட்டேன். மாதா மேல ஆணை." அந்தோணி மாமா அழுதார். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வள்ளத்தில் போன அண்ணன் தம்பிகள் பிரிந்து தனித்தனியாகத் தொழிலுக்குப் போனார்கள். மதலேனாள் அத்தையும் வந்தார். வாசலிலேயே நின்று, "நானும் வட்டம்தாண்டி போட்டேன். ஒங்கய்யா மொனங்குறது எனக்கும் கேக்குதுல்ல" என்றார். பின்னால் நின்ற பெண்கள் உதட்டைச் சுழித்தார்கள். அவர் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். அவர் வலை நூல் மட்டும்தான் பச்சை.

ஐந்தாம் நாள் லீமாரோஸ் சித்தி கருவாட்டுக் கூடையோடு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "ஊரு கெடக்கு ஊரு. காய்ச்சிக் குடு, நான் வாசல்ல இருந்துக்கிறேன்." ஊர் ஒரு முடிவு எடுத்திருக்கிறதே சித்தி என்றேன். "ஆமா, முடிவெடுத்துச்சு. அவுக இடுப்பா வலிக்குது?" என்றாள்.

அவள் போன பிறகு பொட்டலத்தைக் கொண்டுபோய் சந்தியாகு மாமாவிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியவள் என்பதற்காக மறைத்திருந்தால் அது நியாயமாக இருக்காது. மறுநாள் சித்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு மாரியூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. சடையைச் சரியாகப் பின்னியிருக்கிறேனா என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

எட்டாம் நாள் அய்யாவுக்கு மேல் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு அவராகவே பேசினார்.

"தாயி, நான் கோடுதான் போட்டேன்."

துடைப்பதை நிறுத்தாமல், ஏன் அய்யா என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒன்னைய பொண்ணு கேட்டு வாரவன், பொண்ணோட அப்பனே கஞ்சாவுக்கு ஓட்டுப் போட்டவன்னு சொல்லிறக் கூடாதுல்ல. யாரும் கேட்டா, நான் போடலைன்னு பூசையில வாங்குற ஓஸ்தி மேல அடிச்சுச் சொல்லலாம்ல." மூச்சு வாங்கினார். "எப்படியும் ஊரு குடுத்துரும்னு நெனச்சேன். நம்ம சனம் நல்ல சனம். என் ஒரு கோட்டுல என்ன ஆகிறப் போகுது?"

பிறகு சிரித்தார். "பாரேன், வாழ்நாள்ல மொதத் தடவையா ஊரு எம்பேச்சக் கேட்டுருக்கு."

அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு நாள். வாக்கெடுப்பிலிருந்து கணக்கிட்டால் பத்தொன்பது. கடைசி நான்கு நாள் துண்டு உதவவில்லை. கரையில் வலை இழுப்பவர்களுக்குக் கேட்டது. சந்தியாகு மாமா தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். ஒரு நாள், "நான் ஒருத்தன் மாத்திப் போட்டுருந்தா என்ன ஆகிருக்கும்? கோடு போட்டவன்த்தா நான். தலைவனா இருந்துக்கிட்டு வட்டம் போட ஏலலை" என்றார். ஒன்றும் ஆகியிருக்காது மாமா என்று சொன்னேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

அய்யாவின் முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருக்கை முள் கிழித்ததிலிருந்து அவருக்குக் கட்டைவிரல் மடங்காது. நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி, இடப்பக்கமாக ஒரு கண்ணி விட்டு இறுக்குவார். இந்தக் கரையில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அன்று அந்த முடிச்சு அறுபத்தோராவதாக என் கைக்கு வந்தது. அதை மட்டும் பல்லால் அவிழ்க்காமல் நகத்தால் மெதுவாக அவிழ்த்தேன். உள்ளே கோடு. பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தார்.

மீதிப் பதினெட்டையும் எண்ணி முடித்தேன். பிறகு இருபது நிமிடம் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபத்தெட்டு வாசல்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். யாருக்காகப் போனேனோ அவர் எனக்கு வேண்டாம் என்று எழுதித் தந்திருந்தார். வலி அவருடையது. அதைப் பற்றிச் சொல்லும் உரிமையும் அவருடையதுதானே. அவர் கேட்டதை நான் கொடுத்தேன். எட்டாம் நாள் காரணம் தெரிந்தபோதும் மாற்றிச் சொல்ல வழியில்லை. சீட்டுகள் சாம்பலாகிவிட்டன. மாற்றிச் சொன்னால், இனி எந்த எண்ணிக்கையையும் இந்த ஊர் நம்பாது. ஊரின் நம்பிக்கையையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒருவர் தனக்கு எதிராகவே பொய் சொல்வார் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லீமாரோஸ் சித்திக்காக வாக்கெடுப்புத் தேவையில்லை. அவள் கட்டுப்பாட்டை மீறவில்லை. அந்த ஐந்தாம் நாள் அவள் கூடையோடு வந்தபோது, நோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. வாக்குக் கொடுத்த நாற்பத்தாறு பேரில் மூன்று பேர்தான் மாற்றிப் போட்டார்கள். வாக்குக் கொடுக்காமலே ஒருவர் வட்டம் போட்டார். என் நோட்டுக்கும் உண்மையான விடைக்கும் இரண்டே வித்தியாசம்.

வட்டம் நாற்பத்து நான்கு. கோடு முப்பத்தைந்து.