தீனிப் பெட்டி

திருக்கையைப் பார்க்க இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, ஐயா. மணலில் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். அதிர்வு பட்டதும் அது தானாகவே விலகிவிடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். இருபத்திரண்டு வருடமாகப் படகில் ஏறுகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்லி வருகிறேன்.

படகு என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் மேலே, நான் தண்ணீருக்குள். சுற்றுலா வருகிறவர்களை நாங்கள் இறக்கும் பவளப்பாறை பதினைந்தடி ஆழம்தான். முதுகுத் துடுப்பு நுனியில் கறுப்பு வைத்த சுறாக்கள் அங்கே சுற்றும். கூச்ச சுபாவம், ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். பத்துப் பேர் இறங்கினால் நாலு பேர் கண்ணில்தான் படும். மற்ற ஆறு பேர் மேலே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அதற்கு மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஓட்டை போட்ட பெட்டியில் அடைத்து அடியில் இறக்கினார். ஒரே மாதத்தில் சுறாக்களின் குணம் மாறிவிட்டது. என்ஜின் சத்தம் கேட்டாலே மூக்கில் வேர்த்தாற்போல் வந்து நின்றன. ஆட்களின் கையை மோந்து பார்த்தன.

"இது நல்லதுக்கில்ல மச்சான். ஒருநாள் யாரையாவது கடிச்சு வைக்கும்."

"மாப்ள, நீங்க சுறாவுக்கு வக்கீலா, இல்ல நமக்கு வேலை பாக்கறீங்களா?"

மூன்று வருடம் சொன்னேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். வந்தவர்கள் எதிரிலேயே என்னை வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் சிரித்துவைப்பேன்.

மச்சானுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது நான்தான். விடுமுறைக்கு வந்தால் என்னோடுதான் இறங்குவாள். எங்கள் படகில் யாரும் மிதவை ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொள்வதில்லை. இன்னொருவர் பை, பட்டை, சிலிண்டர் எல்லாம் சோதித்து மாட்டிவிட வேண்டும். அவளுக்கு எப்போதும் நான் மாட்டிவிடுவேன்.

பேசிப் பலனில்லை என்று ஆனபோது யோசித்தேன். ஒரே ஒரு கடி போதும். வந்தவர்களில் யாருக்காவது என்றால் மச்சான் மருந்து போட்டு, சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார். சொந்த ரத்தம் என்றால்தான் உறைக்கும். சின்னக் கடி, நாலு தையலோடு போய்விடும் என்று நினைத்தேன். அவளும் தைரியசாலி.

மீன் துண்டுகளை அவளுடைய ஜாக்கெட்டின் இடது பையில் வைத்து, பட்டையை இறுக்கினேன்.

"எல்லாம் சரியா இருக்கா மாமா?"

"இருக்கும்மா."

மீதியை டாக்டர் எழுதிய அறிக்கையில் படித்திருப்பீர்கள். முதலில் ஒரு சுறா பையைக் கடித்தது. பையை மறைக்க வந்த கையை அடுத்தது கடித்தது. நான் இரண்டு முழ தூரத்தில் இருந்தேன். என் காலில் கத்தி கட்டியிருந்தது. பட்டையை அறுத்துவிட்டிருந்தால் சுறாக்கள் ஜாக்கெட்டின் பின்னால் போயிருக்கும். கை மட்டும் போதாதோ என்று தோன்றியது. கொஞ்சம் பொறுத்தேன். தொடையைக் கடித்த பிறகுதான் அறுத்தேன். கரைக்கு வர நாற்பது நிமிடம். அவ்வளவு நேரம் அவள் தாங்கவில்லை.

சுறாக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் வலை போட்டு பதினொன்றைக் கொன்று கரையில் வரிசையாகப் போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு, "மூணு வருஷமா சொன்னீங்களே மாப்ள, அப்பவே கேட்டிருக்கணும்" என்றார். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

ஏன் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தீனி போடுவது நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று விட்டுப்போகக் கூடாது. அவள் கடிபட்ட அன்று காலை, படகு ஏறுமுன், துறையில் மச்சான் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இனிமே இது வேணாம் மாப்ள, இங்கயே கொட்டிடுங்க. நேத்து பொண்ணு சொன்னா. ஒரே ஒரு தடவைதான் சொன்னா, எனக்கும் சரின்னு பட்டுது."

கொட்டினேன், ஐயா. கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொட்டினேன்.